கணுக்காலைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம்

இரண்டு கணுக்காலிலும் கோடு போட்ட மாதிரி சிவப்பு வளையம், எரிச்சல் வேறு. காலுறை எலாஸ்டிக்தான் காரணம் என்று காலுறையை விட்டேன், போகவில்லை. சோப்பை மாற்றினேன், அதுவும் இல்லை. ஐந்து நாள் வீண்.

ஆறாம் நாள் இரவு, வழக்கம்போல உப்பு போட்ட வெந்நீரில் காலை வைத்து, ஐந்து சொட்டு எலுமிச்சைப்புல் எண்ணெய் விட்டபோதுதான் கவனித்தேன்: வளையமும் நீர்மட்டமும் ஒரே உயரம். அமிழ்ந்திருந்த பாதத்தில் பெரிதாக ஒன்றுமில்லை! எண்ணெய் நீரில் கரையாமல் மேலே படலமாக மிதந்து, இருபது நிமிடமும் அந்த ஒரே கோட்டில் தோலைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. உப்பு அதைக் கரைத்துவிடும் என்று நம்பியது என் தப்பு. உப்பு தண்ணீரில் கரையும், அவ்வளவுதான்.

உடனே தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, அப்புறம் சோப்பு போட்டுக் கழுவினேன். வெறும் தண்ணீருக்கு அது அசையாது. நான்கு நாளில் வளையம் மறைந்தது, நிம்மதி.

இப்போது வெந்நீரில் எதுவும் விடுவதில்லை. 30 மில்லி தேங்காய் எண்ணெயில் 6 சொட்டு லாவெண்டர் எண்ணெய், சுமார் 1 சதவீதம். அதையும் முழங்கை உட்புறத்தில் தடவி ஒரு நாள் பார்த்த பிறகுதான் காலுக்கு.