ட்ரோக்பாவைப் பார்க்கும் முறை

நான் கால்பந்தில் ஸ்டாப்பர் பேக், அதாவது நடுவில் நின்று எதிரணி ஸ்ட்ரைக்கரைத் தடுக்கும் இடத்தில் ஆடியவன். ஸ்ட்ரைக்கர்கள்மேல் எனக்குப் பாசமெல்லாம் கிடையாது. ஐவரி கோஸ்ட் நாட்டு ஸ்ட்ரைக்கர் டிடியே ட்ரோக்பாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் தம்பிகளுக்கு முதலில் சொல்வது: கோல்களை மட்டும் கோத்துப் போட்ட வீடியோ வேண்டாம். பந்து வலைக்குள் போவதுதான் அதில் இருக்கும், அதற்கு முன்னால் அந்த மனுஷன் பட்ட பாடு இருக்காது.

முழு ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 மே 19, மியூனிக், ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், ட்ரோக்பாவின் செல்சிக்கும் பேயர்ன் மியூனிக்குக்கும். பந்தை மறந்துவிட்டு அவரையே பாருங்கள். செல்சி பாதி நேரம் பந்தைத் தூக்கித்தான் அடிக்கிறது. அது வந்து சேரும்போது டிஃபெண்டருக்கு முதுகைக் கொடுத்து, நெஞ்சில் வாங்கி, துணைக்கு ஆள் வரும்வரை பிடித்து வைக்க வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு எரிச்சலூட்டுவது இந்த வேலைதான்.

88வது நிமிடம் வந்ததும் மெதுவாக ஓட்டுங்கள். பேயர்ன் அன்று எடுத்தது 20 கார்னர், செல்சிக்குக் கிடைத்தது இது ஒன்றே ஒன்று. செல்சியின் மாட்டா வலப்பக்கத்திலிருந்து அடிக்கிறார். ட்ரோக்பா முன் போஸ்ட்டை (கார்னருக்குப் பக்கத்துக் கோல் கம்பத்தை) நோக்கிப் பாய்ந்து, பேயர்ன் டிஃபெண்டர் போவாட்டெங்குக்கு அரையடி முந்திவிடுகிறார். பேயர்ன் கோல்கீப்பர் நோயரின் கையில் பட்டும் பந்து நிற்கவில்லை. அந்த அரையடியைத்தான் பத்து முறை போட்டுப் பார்க்க வேண்டும், தலையால் முட்டுவதை அல்ல.

அப்படியே கூடுதல் நேரத்தையும் பாருங்கள். பேயர்னின் ரிபெரியைத் தட்டிவிட்டு பெனால்டி கொடுத்ததும் இவரேதான். ஸ்ட்ரைக்கரை நம் பாக்ஸுக்குள் விட்டால் இதுதான் கதி! பேயர்னின் ராபென் அடித்ததை செல்சி கோல்கீப்பர் செக் பிடித்துக் காப்பாற்றினார். பிறகு ஷூட்அவுட்டில் கடைசிப் பந்தை அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவரும் ட்ரோக்பாதான்.

சின்ன வயதில் பின்வரிசையில் ரைட் பேக் ஆடியவரை முன்னால் போய் ஆடச் சொன்னவர், தொழில்முறை ஆட்டக்காரரான அவருடைய மாமா மிஷெல் கோபா. லெ மான் கிளப்பில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் கிடைத்தபோது வயது 21. கெங்காம்ப், மார்செய் கிளப்புகள் வழியாக 2004இல் செல்சி. பதினாறு வயதில் செலக்‌ஷன் கிடைக்கவில்லை என்று மூலையில் உட்காருபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஊரில் அவருக்கு இருக்கும் மவுசு தெரிய வேண்டுமா? ஐவரி கோஸ்ட்டில் ஒரு லிட்டர் பீர் பாட்டிலுக்கே ‘ட்ரோக்பா’ என்றுதான் பெயர். 2005 அக்டோபரில் சூடானை வென்று உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற அன்று, டிரெஸ்ஸிங் ரூமில் சக வீரர்களோடு மண்டியிட்டு, உள்நாட்டுப் போரில் இறங்கியிருந்தவர்களிடம் ஆயுதத்தைக் கீழே போடுங்கள் என்று கேமரா முன் நாட்டு மக்களைக் கெஞ்சிய காட்சியைத் தேடிப் பாருங்கள். 2007 ஜூனில் மடகாஸ்கருடனான ஆட்டம் கிளர்ச்சிக்காரர்களின் கோட்டையான புவாக்கேயில் நடந்தது. ஐவரி கோஸ்ட் 5-0 என்று ஜெயித்தது.

ஆனால் போரை அவரே நிறுத்தினார் என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள். 2010 தேர்தலுக்குப் பிறகு மறுபடி சண்டை மூண்டது. 2011இல் அமைத்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தில் ட்ரோக்பாவும் ஓர் உறுப்பினராக இருந்தார்.