முதலில் சர்வர், அப்புறம்தான் ஏஜென்ட்

வேலூரில் ஆபீஸ், ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் யூனிட் என்று இருக்கும் ஷூ கம்பெனிகளில் சிஸ்டம் அட்மின் பெரும்பாலும் ஒரே ஆள்தான். எல்லா மெஷினையும் ஓரிடத்தில் இருந்தே பார்த்துக்கொள்ள ஜாபிக்ஸ், சால்ட் போன்ற மென்பொருள் அவருக்குப் பெரிய துணை. ஆனால் அப்கிரேடு செய்யும்போது நடக்கிற தவறு எல்லா மெஷினிலும் ஒரே நேரத்தில் எதிரொலிக்கும்.

முதல் தவறு வரிசையில்தான். நடுவில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது சர்வர்; ஒவ்வொரு மெஷினிலும் இருந்து அதனோடு பேசும் சின்ன புரோகிராம் ஏஜென்ட். ஏஜென்ட்டைப் போடுவது சுலபம் என்று அங்கிருந்து தொடங்குகிறார்கள். ஜாபிக்ஸில் புது சர்வர் பழைய ஏஜென்ட்டோடு பேசும். சர்வரைவிடப் புதிய ஏஜென்ட்டுக்கு ஆதரவு கிடையாது. சால்ட்டில் சர்வருக்கு மாஸ்டர் என்றும் ஏஜென்ட்டுக்கு மினியன் என்றும் பெயர்; அங்கும் மாஸ்டரை முதலில் ஏற்றிவிட்டுத்தான் மினியனைத் தொட வேண்டும். இன்னொன்று, ஜாபிக்ஸ் சர்வரின் புதிய பெரிய பதிப்பு முதல்முறை ஓடும்போதே டேட்டாபேஸை மாற்றி அமைத்துவிடும். பழைய பதிப்புக்குத் திரும்ப பேக்கப் ஒன்றே வழி. அந்த பேக்கப்பை வேறொரு மெஷினில் ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும்; ஃபைல் இருக்கிறது என்பது மட்டும் போதாது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்த நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். டேட்டாபேஸ் பாதி மாறியிருக்கும்போது கரண்ட் போனால் அந்த பேக்கப்தான் கதி.

அடுத்தது குளோன். ஒரு மெஷினில் எல்லாம் போட்டு, அந்த டிஸ்க் இமேஜையே மற்ற நாற்பது மெஷினுக்கும் இறக்குவது வழக்கம். ஏஜென்ட்டின் அடையாளமும் கூடவே போய்விடும். சால்ட்டில் மினியன் ஐடி ஃபைலும், மாஸ்டர் அதை அடையாளம் காணும் கீயும் எல்லா மெஷினிலும் ஒன்றாகவே இருந்தால் மாஸ்டருக்கு அத்தனையும் ஒரே மெஷின். விண்டோஸ் அப்டேட் சர்வரான டபிள்யூசஸ்ஸிலும் கிளையன்ட் ஐடி ஒன்றாக இருந்தால், பட்டியலில் ஒரு மெஷின் வரும், அது போய் இன்னொன்று வரும். நெட்வொர்க் கோளாறு என்று கேபிளை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இமேஜ் எடுக்கும் முன் ஐடியையும் கீயையும் அழித்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

ஆபீஸையும் யூனிட்டையும் இணைக்கும் நெட் லைனையும் கணக்கில் எடுங்கள். 150 எம்பி பேக்கேஜ், 200 மெஷின் என்றால் 30 ஜிபி. 100 எம்பிபிஎஸ் லைன் முழுக்கக் கிடைத்தாலும் 40 நிமிடம். அந்த நேரத்தில் ஆம்பூரில் எக்ஸ்போர்ட் பில் போடுபவர் திண்டாடிப் போவார். யூனிட்டுக்கு ஒரு லோக்கல் காப்பி வைத்து, அங்கிருந்தே இறக்க வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்றுவதில் என்ன ஆபத்து என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியின் ஒரு கோளாறான அப்டேட்டில், மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் முடங்கின. முதலில் உங்கள் அறையில் இருக்கும் இரண்டு மெஷின், பிறகு ஒரு யூனிட், ஒரு நாள் பொறுத்து மற்றவை. முதல் சுற்றிலேயே இருப்பதிலேயே பழைய விண்டோஸ் ஓடும் மெஷின் ஒன்றும் இருக்கட்டும். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கும்.

மினியன்கள் வந்து சேரும் வாசல்களான சால்ட் மாஸ்டரின் 4505, 4506 போர்ட்களை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காதீர்கள். 2020இல் அதில் ஒரு ஓட்டை வெளியானபோது அப்படித் திறந்து கிடந்த மாஸ்டர்கள்தான் தாக்கப்பட்டன. யூனிட்டுகளை விபிஎன் எனும் பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக இணையுங்கள்.

முடிந்ததும் எந்த மெஷினில் எந்தப் பதிப்பு என்று ஒரு பட்டியல் எடுங்கள். அன்று அணைத்து வைத்திருந்த லேப்டாப்கள் அதில்தான் மாட்டும்.