ஜம்ப்சூட் எடுக்கப் போறீங்களா? முதல்ல டார்சோவ அளங்க, பாடி ஷேப் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்

"ஜம்ப்சூட் எல்லாம் எனக்கு செட் ஆகாதுப்பா"ன்னு சொல்ற பொண்ணுங்கள எவ்வளவோ பேர பாத்துட்டேன். ஒருத்திக்கு வயிறு இருக்காம், ஒருத்திக்கு தொடை பெருசாம், ஒருத்தி குள்ளமாம், இன்னொருத்தி ரொம்ப ஒல்லியாம். நானும் வருஷக்கணக்கா அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன். ஆனா நிறைய பேருக்கு சிக்கல் ஷேப்ல இல்லீங்க, டார்சோ நீளத்துல இருக்கு, அதாவது தோள்ல இருந்து கால் பிரியற இடம் வரைக்கும் இருக்கற உடம்பு நீளத்துல. அத யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல, அதனாலதான் இவ்வளவு பெருசா எழுதறேன்.

டாப் தனியா பேண்ட் தனியா போடும்போது கைய தூக்கினா டாப் மேல போகும், உக்காந்தா பேண்ட் கொஞ்சம் கீழ இறங்கும், ஒண்ணோட வேலைல இன்னொண்ணு தலையிடாது. ஜம்ப்சூட்ல ரெண்டும் ஒண்ணா தைச்சிருக்கு, ஒரு முனை தோள்ல தொங்குது, இன்னொரு முனை கால் ரெண்டும் பிரியற இடத்துல பிடிச்சிருக்கு. நடுவுல இருக்கற துணி உங்க உடம்பு நீளத்துக்கு பத்தலன்னா நீங்க உக்காரும்போது தோளும் இழுக்கும், கீழயும் வெட்டும்.

நான் முதல்ல வாங்கினது கருநீல கிரேப் துணி. மார்பு, இடுப்பு, ஹிப் மூணும் சைஸ் சார்ட்ல பாத்து சரியா எடுத்தேன், கண்ணாடி முன்னாடி நிக்கும்போது ரொம்ப அழகா இருந்துச்சு, போட்டுட்டு கார்ல ஏறி உக்காந்தேன், அவ்வளவுதான், தோள் ரெண்டும் கீழ இழுக்க ஆரம்பிச்சிருச்சு. அடுத்து ஒரு சைஸ் பெருசா வாங்கினேன், மார்பு லூஸ் ஆச்சே தவிர இழுக்கறது நிக்கல. கடைசில ஒரு டெய்லர் அக்காதான் டேப்ப எடுத்து அளந்துட்டு "உனக்கு உடம்பு நீளம்மா, கால்தான் குட்டை, சைஸ் மாத்தி என்ன பண்ண"ன்னு சொன்னாங்க. தோள்ல இருந்து காலுக்கு நடுவுல விட்டு மறுபடி தோள் வரைக்கும் சுத்தி அளந்தா எனக்கு 62 இன்ச், என் தங்கச்சிக்கு 57. ரெண்டு பேருக்கும் ஜீன்ஸ் சைஸ் ஒண்ணுதான், அத நம்பி ஒரே ஜம்ப்சூட்ட மாத்தி மாத்தி போடலாம்னு நினைச்சிருந்தோம்.

எப்படி அளக்கறதுன்னா, வழக்கமா போடற பிராவ போட்டுக்கங்க, இன்ச் டேப்போட நுனிய ஒரு தோளோட நடுவுல வைங்க, அங்கிருந்து மார்போட எடுப்பான இடத்து மேல இறக்கி, வயித்து மேல கொண்டு வந்து, ரெண்டு காலுக்கும் நடுவுல விட்டு, பின்பக்கமா மேல ஏத்தி மறுபடி அதே தோள் புள்ளிக்கு கொண்டு வாங்க. டேப்ப இறுக்கி இழுக்காதீங்க, தொளதொளன்னும் விடாதீங்க. தனியா பண்ணா டேப் பின்னாடி நழுவிட்டே இருக்கும், அம்மாவையோ தங்கச்சியையோ பிடிக்க சொல்லுங்க. வர்ற நம்பர போன்ல எழுதி வச்சிக்கங்க, இனி எந்த ஜம்ப்சூட் பாத்தாலும் இதுதான் முதல் கேள்வி.

அடுத்து டிரஸ்ஸ அளக்கணும். தட்டையா விரிச்சு போட்டு முன்பக்கம் தோள் நடுவுல இருந்து கால் பிரியற தையல் வரைக்கும் ஒரு தடவை, பின்பக்கம் அதே மாதிரி ஒரு தடவை, ரெண்டையும் கூட்டுங்க. லைக்ரா கலக்காத துணின்னா இந்த கூட்டல் உங்க அளவ விட குறைஞ்சது 2, 3 இன்ச் அதிகமா இருக்கணும், தொளதொளன்னு போடற மாடல்னா 4, 5 கூட இருக்கலாம். நல்லா இழுத்து குடுக்கற பனியன் துணி மாதிரின்னா உங்க அளவுக்கு சமமா இருந்தாலே போதும். ஆன்லைன்ல வாங்கறவங்க இந்த அளவு போடலன்னா மெசேஜ் பண்ணி கேளுங்க, சொல்லலன்னா ரிட்டர்ன் எடுக்கறாங்களான்னு பாத்துட்டு மட்டும் ஆர்டர் போடுங்க.

இதுல துவைக்கும்போது சுருங்கறதையும் சேத்துக்கணும். காட்டன், ரேயான், லினன் எல்லாம் முதல் வாஷ்ல கொஞ்சம் சுருங்கற துணிதான். சட்டையில 3 சதவீதம் சுருங்கினா பெருசா தெரியாது, ஆனா 60 இன்ச் டார்சோல 3 சதவீதம்னா கிட்டத்தட்ட 2 இன்ச், நீங்க கணக்கு போட்டு விட்ட இடம் மொத்தமும் போச்சு. "ரெண்டு தடவ துவைச்சதும் டைட் ஆயிருச்சு, நான் குண்டாயிட்டேன் போல"ன்னு ஒரு ஃப்ரெண்ட் அழாத குறையா சொன்னா, அளந்து பாத்தா துணிதான் சுருங்கியிருக்கு, அவ அப்படியேதான் இருக்கா. இந்த மாதிரி துணிய வெந்நீர்லயும் டிரையர்லயும் போடாதீங்க.

இந்த டிரஸ்ஸே ஸ்டைலுக்குன்னு வந்தது இல்ல. பாராசூட்ல குதிக்கறவங்க போட்டதாலதான் ஜம்ப்சூட்னு பேரே வந்துச்சு. 1919 வாக்குல இத்தாலில ஃபிளாரன்ஸ்ல தயாத்ங்கற கலைஞர் யார் வேணும்னாலும் வீட்லயே தைச்சுக்கற மாதிரி 'தூத்தா'ன்னு ஒரு ஒற்றை உடை டிசைன் பண்ணார், அடுத்த வருஷம் அத வெட்டி தைக்கறதுக்கான பேட்டர்ன் நியூஸ்பேப்பர்லயே வந்துச்சு. மெக்கானிக்குங்க, ஃபேக்டரில வேலை செய்யறவங்க எல்லாம் போட்டதும் இந்த வகைதான். குனிஞ்சு நிமிர்ந்து வேலை செய்யணும்ங்கறதால அதுல எல்லாம் தாராளமா துணி விட்டிருப்பாங்க. இப்ப வர்ற ஃபேஷன் ஜம்ப்சூட்ல உடம்ப ஒட்டி நிக்கணும்னு அந்த துணியத்தான் முதல்ல வெட்டிடறாங்க.

நீளம் சரியாச்சுன்னா அடுத்து இடுப்புத் தையல். ஒரு பக்கமா சாஞ்சு பாருங்க, எங்க மடிப்பு விழுதோ அதுதான் உங்க உண்மையான இடுப்பு. தையல் அங்க உக்காரணும், இல்ல ஒரு இன்ச் மேல இருக்கலாம். கீழ இறங்கினா கால் குட்டையா தெரியும், உடம்பு கட்டையா தெரியும்.

இப்ப ஷேப்புக்கு வரேன். ஹிப்பும் தொடையும் பெருசா இருக்கறவங்க ஹிப் அளவ வச்சு சைஸ் எடுங்க, மேல லூஸா இருந்தா டெய்லர்கிட்ட பிடிக்க சொல்லிக்கலாம், ஹிப்ல டைட்டா இருக்கறத ஒண்ணும் பண்ண முடியாது. ஹிப்போட அகலமான இடத்துல இருந்து நேரா கீழ விழற வைட் லெக் இவங்களுக்கு ரொம்ப நல்லா இருக்கும். தொடைல பிடிச்சு கணுக்கால்ல குறுகற மாடல் போட்டா கண்ணு நேரா தொடைக்குத்தான் போகும். மேல கொஞ்சம் வேலைப்பாடு இருக்கட்டும், போட் நெக், பஃப் கை, லைட் கலர் மாதிரி ஏதாவது ஒண்ணு. சைடு பாக்கெட் வாய் பிளந்து நின்னா அத மூடி தைச்சிருங்க, உள்ள இருக்கற பை துணியையும் வெட்டி எடுத்துருங்க, அந்த ஒரு வேலைலயே ஹிப் பக்கம் எவ்வளவு ஸ்மூத் ஆகுதுன்னு பாருங்க.

வயிறு இருக்கறவங்களுக்குத்தான் தப்பு தப்பா அட்வைஸ் குடுக்கறாங்க. "இடுப்புல பெல்ட் போடு, ஷேப் வந்துரும்"னு சொல்றாங்க, போட்டு பாத்தவங்களுக்கு தெரியும், வயிறு முன்னாடி வர்ற உடம்புல பெல்ட் நிக்காது, உருண்டு கீழ போயிரும், இல்ல வயித்த ரெண்டா பிரிச்சு காட்டும். ராப் ஸ்டைல்னு ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு குறுக்கா வர்ற முன்பக்கம் இருக்கு பாருங்க, அத எடுங்க, சைடுல நாடா கட்டற மாதிரி இருந்தா இன்னும் நல்லது, அந்த சாய்வான மடிப்பு வயித்து மேல விழும்போது வட்டம் தெரியாம போயிரும். இடுப்புல எலாஸ்டிக் வேணும்னா பின்பக்கம் மட்டும் இருக்கட்டும், முன்பக்கம் ஃப்ளாட்டா இருக்கணும், முன்னாடி சுருக்கம் வச்சா அது வயித்து மேல இன்னொரு வயிறு மாதிரி நிக்கும். முன்பக்கம் நடுவுல நீளமா ஜிப் வச்சதும் வேண்டாம், உக்காந்ததும் அது அலை அலையா புடைச்சிட்டு நிக்கும். துணி மெல்லிசா ஒட்டக்கூடாது, விறைப்பாவும் இருக்கக்கூடாது, கைல பிடிச்சு தூக்கினா கனமா நேரா விழணும். வயிறு இருந்தும் கால் ஒல்லியா இருக்கற நிறைய பேரு கால மறைச்சு கூடாரம் மாதிரி போட்டுக்கறாங்க. அது வேண்டாங்க, ஸ்ட்ரெயிட் லெக் போட்டு கணுக்கால் தெரியற மாதிரி விடுங்க, மொத்த உடம்பும் லேசா தெரியும்.

தோள் அகலமா இருந்தா ஆழமான வி நெக், கீழ நல்லா விரியற கால். பஃப் கையும் மெல்லிசு ஸ்ட்ராப்பும் தோள இன்னும் அகலமா காட்டும். மேலயும் கீழயும் ஒரே மாதிரி நேரா இருக்கற உடம்புக்கு எனக்கு பிடிச்சது பாய்லர் சூட் மாடல்தான், காலர் வச்சு, பட்டன் வச்சு, இடுப்புல துணி பெல்ட்ட இறுக்கி கட்டினா கச்சிதமா இருக்கும், வளைவு வேணும்னா முன்னாடி பிளீட் வச்ச கால் எடுங்க. மார்பும் ஹிப்பும் சமமா இடுப்பு ஒடுங்கி இருக்கறவங்க இடுப்புத் தையல் சரியா உக்காருதான்னு மட்டும் பாத்துட்டு எடுத்துட்டு போங்க.

மார்பு பெருசா இருந்தா முன்பக்க துணிய மார்பே எடுத்துக்கும், அதனால இடுப்புத் தையல் முன்னாடி மட்டும் மேல ஏறி நிக்கும், சைடுல இருந்து பாத்தா கோடு சாஞ்சு தெரியும். அப்படி தெரிஞ்சா மார்புக்கு டார்ட் வச்ச மாடலா தேடுங்க, டார்ட்னா ஷேப் வர்றதுக்காக துணிய மடிச்சு பிடிக்கற தையல். ராப் நெக் பிரிஞ்சு பிரிஞ்சு வந்தா உள்ள ஒரு பிரஸ் பட்டன் தைச்சிட்டா போதும், சேஃப்டி பின் வேண்டாம், துணி கிழிஞ்சிரும்.

குள்ளமா இருக்கறவங்களுக்கு கால் பிரியற இடம் கீழ தொங்கும், அது ஒண்ணுதான் பெரிய எதிரி. இடுப்புத் தையல் இருக்கற மாடலா எடுத்து அந்த இடத்துல பிடிச்சு தைச்சா மேல ஏறிரும். ஒரே கலர், தலைல இருந்து கால் வரைக்கும் உடையாத கோடு, நிஜமாவே உயரமா காட்டும். கால் பாதிலயே முடியறது வேண்டாம், ஒண்ணு கணுக்கால் ஒல்லியா இருக்கற இடத்துல முடியணும், இல்ல பாதத்த தொடணும். உயரமானவங்களும் என்ன மாதிரி டார்சோ நீளமா இருக்கறவங்களும் ஸ்ட்ராப் நீளத்த கூட்டி குறைக்கற மாடல், இல்ல தோள்ல முடிச்சு போடற மாடல் தேடுங்க, அதுலயே 2 இன்ச் கிடைச்சிரும்.

பிளஸ் சைஸ் போடறவங்க இத மட்டும் கவனமா படிங்க. சைஸ் ஏற ஏற நிறைய பிராண்டுல அகலம் ஏறற அளவுக்கு நீளம் ஏறாது, ஆனா மார்பு, வயிறு, பின்பக்கம் எல்லாத்தையும் சுத்தி வரணும்னா துணி நீளமும் கூடத்தான் வேணும். 3எக்ஸ்எல் இடுப்புல லூஸா இருந்தும் உக்காந்தா வெட்டுதுன்னா அது உங்க உடம்போட தப்பு இல்ல, வெட்டினவங்க நீளத்த விட்டுட்டாங்க. தொடை உரசற இடத்துல தையல் ரெட்டையா இருக்கான்னு உள்ள திருப்பி பாருங்க, முதல்ல பிரியறது அதுதான். கருப்பு மட்டும்தான் போடணும்னு ஒண்ணும் இல்ல, நல்ல மரகதப் பச்சையோ மெரூனோ போடுங்க, துணி விழற விதம் சரியா இருந்தா கலர் ஒண்ணும் பண்ணாது.

டெய்லர்கிட்ட குடுக்கறதா இருந்தா எது முடியும் எது முடியாதுன்னு தெரிஞ்சு வாங்குங்க. கால் நீளம் குறைக்கறது, சைடு பிடிக்கறது, இடுப்புத் தையல்ல நீளம் குறைக்கறது எல்லாம் ஈஸி. நீளம் கூட்டறதுன்னா இடுப்புல ஒரு பட்டைத் துணி வச்சு ஒட்டு போடணும், அதே துணி கிடைக்கலன்னா பெல்ட் மாதிரி வேற கலர்ல வைக்கலாம், பாக்க நல்லாவே இருக்கும். இடுப்புத் தையலே இல்லாம மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே துணியா வெட்டினதுல கைவைக்கறது கஷ்டம், அது போட்டதும் சரியா இருந்தா மட்டும் எடுங்க. கால் நீளம் குறைக்க போகும்போது எந்த செருப்போட போடுவீங்களோ அத எடுத்துட்டு போங்க.

ட்ரையல் ரூம்ல கண்ணாடி முன்னாடி நேரா நின்னு பாத்துட்டு வந்துராதீங்க. ரெண்டு கையையும் தூக்குங்க, குனிஞ்சு பாதத்த தொடுங்க, ஸ்டூல் இருந்தா ரெண்டு நிமிஷம் உக்காருங்க, கால் மேல கால் போடுங்க. அப்புறம் டாய்லெட் போகணும்னா என்ன பண்ணுவீங்கன்னு அங்கயே செஞ்சு பாருங்க. பின்னாடி ஜிப்னா உங்க கை எட்டுதா, எட்டலன்னா ஜிப் முனைல ஒரு ரிப்பன் கட்டினா எட்டுமா, கழட்டும்போது டிரஸ்ஸோட கையும் நாடாவும் தரைல படாம பிடிச்சிக்க முடியுதா, பட்டன் எத்தனை இருக்குன்னு எல்லாம் பாக்கணும். தாய்ப்பால் குடுக்கறவங்கன்னா முன்பக்கம் திறக்கறது மட்டும்தான் சரி. ஒரு தடவ முழுசா இறக்கி மறுபடி மாட்டிப் பாருங்க, வெளிய நிக்கறவங்கள உதவிக்கு கூப்பிட வேண்டி வந்துச்சுன்னா எவ்வளவு அழகா இருந்தாலும் ஹேங்கர்லயே மாட்டிட்டு அடுத்தத எடுங்க.