டிஎஸ்என் வழியாகத் தரவுத்தளத்தை வினவும் ஸ்கிரிப்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடிபிசி (நிரல்கள் தரவுத்தளங்களோடு பேச உதவும் பொது இடைமுகம்) நிர்வாகக் கருவியில் டிஎஸ்என் எனப்படும் தரவு மூலத்தை, அதாவது இணைப்பு விவரங்களைத் தாங்கிய பெயரை அமைத்து, சோதனைப் பொத்தானை அழுத்தி, இணைப்பு வெற்றி என்ற செய்தியைக் கண்டதும் வேலை முடிந்தது என எண்ணுவதிலிருந்தே பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. உங்கள் பயனர் கணக்கிலிருந்து, அந்தக் கருவியின் பிட் அளவில் (32 அல்லது 64) இணைப்பு கிடைக்கிறது என்பதை மட்டுமே அச்சோதனை காட்டுகிறது; ஸ்கிரிப்ட் ஓடப்போகும் சூழலைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

64-பிட் விண்டோஸில் இக்கருவி இரண்டு உண்டு. சிஸ்டம்32 கோப்புறையில் இருப்பது 64-பிட், சிஸ்வாவ்64 கோப்புறையில் இருப்பது 32-பிட். தலைகீழாகத் தோன்றினாலும் உண்மை அதுவே. போதாக்குறைக்கு இரண்டு கோப்புகளுக்கும் பெயர் ஒன்றுதான். கணினியின் எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவான சிஸ்டம் டிஎஸ்என்கள் இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிவாவதால், 32-பிட் கருவியில் அமைத்ததை 64-பிட் பைதானிலிருந்து அழைத்தால் ஐஎம்002 அல்லது ஐஎம்014 பிழை வரும். பின்னது பிட் பொருந்தவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடும். முன்னது தரவு மூலத்தின் பெயர் காணப்படவில்லை என்று மட்டும் சொல்வதால், பலர் பெயரில் எழுத்துப்பிழை தேடியே நேரத்தை இழக்கிறார்கள்.

கையால் இயக்கும்போது ஓடுகிற ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் பணிகளைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் வேறொரு கணக்கின் கீழ் வைத்ததும் நின்றுபோனால், அமைத்தது யூசர் டிஎஸ்என்னா என்று முதலில் பாருங்கள். அது அமைத்தவரின் கணக்குக்கு மட்டுமே தெரியும். லினக்ஸிலும் இதே கதைதான். லினக்ஸுக்கான ஓடிபிசி மென்பொருளான யூனிக்ஸ்ஓடிபிசியில் ஒருவரின் ஹோம் கோப்புறையில் உள்ள அமைப்புக் கோப்பை மற்றொரு கணக்கில் ஓடும் கிரான் பணி (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) படிப்பதில்லை என்பதால், பொதுவான தரவு மூலங்களை இடிசி கோப்புறையில் உள்ள கோப்பில் எழுதுவதே முறை.

எஸ்க்யூஎல் சர்வருக்கான டிஎஸ்என், லாகின் கடவுச்சொல்லைச் சேமித்து வைப்பதில்லை. அதற்காகக் கடவுச்சொல்லை ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடாமல், சூழல் மாறியிலிருந்தோ (இயங்குதளம் நிரலுக்குத் தரும் மதிப்பு) பாதுகாக்கப்பட்ட கோப்பிலிருந்தோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வினவலை எழுதும்போது, பயனர் தரும் மதிப்பைச் சரத்தோடு ஒட்டுவது மன்னிக்கவே முடியாத தவறு. உள்ளீட்டின் வழியே வேறு கட்டளைகளைப் புகுத்தும் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷனுக்கு வழி திறப்பதோடு, ஒற்றை மேற்கோள்குறி உள்ள ஒரு சாதாரணப் பெயர் வந்தாலே வினவல் உடைந்துவிடும். மதிப்பு வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறியை இட்டு, மதிப்பைத் தனியாக அனுப்ப வேண்டும். அட்டவணைப் பெயர்களை இவ்வாறு அனுப்ப முடியாது. அவற்றை அனுமதிக்கப்பட்ட பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

பைதானுக்கான ஓடிபிசி நூலகமான பைஓடிபிசியில், மாற்றங்களைத் தானாகவே உறுதிப்படுத்தும் ஆட்டோகமிட் இயல்பாக அணைந்திருக்கும். அப்டேட் பிழையின்றி ஓடி, மாறிய வரிசைகளின் எண்ணிக்கையும் சரியாக வந்த பின்னரும், கமிட் செய்யாமல் (மாற்றத்தை உறுதிப்படுத்தாமல்) இணைப்பை மூடினால் மாற்றம் எதுவும் நிற்காது. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: ஒரே டிஎஸ்என் பெயர் ஒரு கணினியில் சோதனைத் தரவுத்தளத்தையும் இன்னொன்றில் நடைமுறைத் தரவுத்தளத்தையும் சுட்டக்கூடும். ஆகவே எதையும் மாற்றும் ஸ்கிரிப்ட், முதலில் சர்வரின் பெயரையும் தரவுத்தளத்தின் பெயரையும் வினவி, எதிர்பார்த்தவை அல்லவெனில் அங்கேயே நின்றுவிடுமாறு எழுதப்பட வேண்டும்.