வார்ஹேமரில் சுடும் முன்: தூரம் பேஸுக்கு, பார்வை உடம்புக்கு

குட்டிப் பொம்மை வீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டான வார்ஹேமர் 40,000 மேசையில் வாக்குவாதம் வருவது பகடையால் அல்ல, "உன் ஆள் எனக்குத் தெரியுறான்", "எங்க தெரியுறான்?" என்பதில்தான். 2023-ல் வந்த விதிகளின் 10-ஆம் பதிப்பை வைத்துச் சொல்கிறேன். பழைய பதிப்புகளில் ஊறியவர்கள்தான் இதில் அதிகம் தடுக்கி விழுகிறோம்.

பெரிய குழப்பம், தூரத்தையும் பார்வையையும் ஒரே இடத்திலிருந்து எடுப்பது. தூரம் என்பது பேஸுக்கும் (மாடல், அதாவது பொம்மை, நிற்கும் அடித்தட்டு) பேஸுக்கும் இடையே, மிக அருகில் இருக்கும் விளிம்புகளில் அளப்பது. துப்பாக்கி முனையிலிருந்து டேப்பை இழுத்தால், கையை நீட்டி நிற்கும் மாடலுக்கு ஓசியில் தூரம் கூடிவிடும். பேஸே இல்லாத டாங்கிக்கு மட்டும் மாடலின் மிக அருகான பகுதியிலிருந்து அளக்கலாம்.

பார்வைக்குக் கணக்கு வேறு. சுடுபவரின் ஏதாவது ஒரு பகுதியிலிருந்து எதிரியின் ஏதாவது ஒரு பகுதி தெரிந்தால் போதும். சுவருக்கு மேல் ஆண்டெனா நுனி எட்டிப் பார்க்கிறதா? டாங்கியே தெரிகிறது. அபத்தம்தான், ஆனால் விதி அது. முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் பொருட்டில்லை. இன்ஃபினிட்டி என்ற இன்னொரு பொம்மைப் போர் விளையாட்டை ஆடிவிட்டு வருபவர்கள் உஷார்: அங்கேதான் முன்பக்கம் 180 டிகிரி என்ற கணக்கெல்லாம்.

சரி, இதெல்லாம் தெரிந்தவரையும் கவிழ்ப்பது இடிபாடுகள். உங்கள் வீரன் இந்தப் பக்கம், எதிரி அந்தப் பக்கம், நடுவே இடிந்த கட்டடம். குனிந்து பார்த்தால் ஜன்னல் வழியே எதிரியின் தலைக்கவசம் பளிச்சென்று தெரிகிறது. சுட முடியாது! இடிபாட்டின் ஊடாகவோ மேலாகவோ பார்க்கக் கூடாது. விமானங்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு. எதிரி அந்தக் கட்டடத்தின் எல்லைக்குள் காலை வைத்துவிட்டால், வழக்கம்போல் கண்ணுக்குத் தெரிகிறானா என்று பார்க்கலாம். ஆனால் உள்ளிருந்து வெளியே பார்க்க, பேஸ் முழுவதும் உள்ளே இருக்க வேண்டும். பாதி உள்ளே, பாதி வெளியே நிற்பவன் சுடப்படுவான், கட்டடத்தின் ஊடாகத் திருப்பிச் சுட மாட்டான். ஆகவே ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லைக் கோடு எங்கே என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தவறு, யூனிட்டுக்கு (சேர்ந்து இயங்கும் மாடல்களின் குழு) ஒரே அளவு எடுப்பது. முன்வரிசைக்கு 24 அங்குலத்துக்குள் இலக்கு இருக்கலாம், பின்வரிசைக்கு இல்லாமல் போகலாம். ஒவ்வொரு மாடலும் தனித்தனி. மெல்டா துப்பாக்கியின் வீச்சு 12 அங்குலம், கூடுதல் சேதமோ பாதித் தூரமான 6-க்குள்தான்.

அளக்கத் தயங்கவும் வேண்டாம். 2012-ல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்தே முன்கூட்டி அளக்க அனுமதி உண்டு. நான் மாடலை நகர்த்தும்போதே "இங்க வெச்சா உன் டாங்கிக்கு நான் தெரிய மாட்டேன், சரியா?" என்று கேட்டுவிடுவேன். அப்புறம் யாராவது மேசையைத் தட்டி மாடல் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் சண்டை இல்லை.