தாளில் ஒட்டிய சட்டங்கள்: சிறுபிள்ளைகள் உள்ள வீடுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் கன்னியாகுமரி மாவட்டத்துப் பல வீடுகளில் புதிய சட்டங்கள் பிறக்கின்றன. காலை ஐந்தரைக்கு எழ வேண்டும், செல்போனைத் தொடக் கூடாது, மாலையில் அரை மணி நேரம் நடக்க வேண்டும், இரவு ஒன்பதுக்குள் படுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிறோம். மாதம் முடிவதற்குள் தாள் மட்டும் மிஞ்சுகிறது. பிள்ளை சொன்ன பேச்சுக் கேட்பதில்லை என்ற முடிவுக்கும் வீட்டார் வந்துவிடுகிறார்கள். ஐந்து வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகள் இருக்கும் எங்கள் வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. பிறகு ஒருநாள் அந்தத் தாளை மீண்டும் படித்தபோது, அதில் இருந்த அத்தனையும் பிள்ளைகளுக்கான கட்டளைகள் என்பதும், பெரியவர்களுக்கென்று ஒரு வரிகூட இல்லை என்பதும் கண்ணில் பட்டன.

மற்றத் தவறுகளுக்கெல்லாம் தாய்த் தவறு இதுதான். சிறுபிள்ளை காதால் கற்பதைவிடக் கண்ணால் கற்பது அதிகம். சாப்பிடும்போது தன் போனை இடக்கையில் வைத்துக்கொண்டு 'போனைக் கீழே வை' என்று சொல்லும் தகப்பனிடமிருந்து பிள்ளை கற்றுக்கொள்வது, பெரியவனானால் போன் பார்க்கலாம் என்பதை மட்டுமே. இரவில் பல் துலக்குவதையே எடுத்துக்கொள்வோம். நம்மில் பலர் காலையில் மட்டும் துலக்கிவிட்டு, இரவில் பிள்ளையை மட்டும் குளியலறைக்கு விரட்டுகிறோம். தாயோ தகப்பனோ தன் பிரஷ்ஷுடன் பக்கத்தில் நின்றால் அந்தச் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். மேலும் ஏழெட்டு வயது வரை பிள்ளைகளின் கை பின்பற்களைச் சரியாக எட்டித் தேய்க்காது என்பதால், பெரியவர் ஒருவர் கூட நிற்பது எப்படியும் தேவைப்படுகிறது. ஃப்ளூரைடு உள்ள பற்பசை மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஓர் அரிசி மணி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுவதும் நிரப்ப வேண்டியதில்லை.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குவது. இருபத்தொரு நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்போம். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. 96 பெரியவர்களைக் கவனித்த அந்த ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வருவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆயின; சிலருக்கு 18 நாளிலேயே அது நடந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவு ஏற்படவில்லை என்பதும் அதில் தெரியவந்தது. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கோ ஊர்க் கோவில் கொடைக்கோ போய் நள்ளிரவில் திரும்பினால், மறுநாள் இரவு வழக்கமான நேரத்தில் படுத்துக்கொண்டால் போதும். எல்லாம் கெட்டுவிட்டது என்று கைவிட வேண்டியதில்லை.

ஆகவே ஒரு நேரத்தில் ஒரு பழக்கம் போதும். அதையும் வீட்டில் ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போட வேண்டும். அதற்கு நம் மாவட்டத்தில் ஒரு நல்ல கொக்கி இருக்கிறது. சில வீடுகளில் அந்தி விளக்கு, சில வீடுகளில் குடும்ப ஜெபம், சில வீடுகளில் மக்ரிப் தொழுகை என்று, மாலையில் வீட்டார் ஒன்றுகூடும் ஒரு வேளை பெரும்பாலான குடும்பங்களில் உண்டு. அந்த வேளையில் எல்லோருடைய போன்களும் ஒரு கூடைக்குள் போய், இரவுச் சாப்பாடு முடியும் வரை வெளியே வராதிருந்தால், புதிதாக ஒரு நேரத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்காது. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தந்த பரிந்துரை. மாலையில் விளக்கு வேளை முதல் சாப்பாடு முடியும் வரை போன்கள் கூடைக்குப் போய்விட்டால் அது எட்ட முடியாத இலக்கு அன்று.

நடைப்பயிற்சி பற்றி ஒரு வார்த்தை. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூனில் மாலை நடையைத் தொடங்குவது, தோற்பதற்கென்றே போடும் திட்டம். வடகிழக்குப் பருவமழையும் பெறும் மாவட்டம் இது என்பதால், மழை நாளுக்கு மாற்று ஏற்பாடு இல்லாத எந்தப் பழக்கமும் இங்கே ஆண்டில் பாதி நாள்கூட நிற்காது. மூன்று வயதுப் பிள்ளைக்கு நடை என்பது சலிப்பான வேலையும்கூட. மூன்று, நான்கு வயதில் நாள் முழுவதும் சிறிது சிறிதாகச் சேர்த்து மூன்று மணி நேர அசைவும், அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும் ஆட்டமும் வேண்டும் என்கிறது அதே பரிந்துரை. வராந்தாவில் பாண்டி ஆடலாம், அறைக்குள் கண்ணாமூச்சி ஆடலாம், மழை விட்டதும் விழுந்து கிடக்கும் தேங்காய்களைப் பொறுக்கி அடுக்கலாம்.

வேறு யாருடைய வீட்டுக்கோ போட்ட கால அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்வது இங்கே குறிப்பாகத் தவிர்க்க வேண்டிய தவறு. குடும்பமாகக் காலை உணவு உண்ணுங்கள் என்ற அறிவுரை நல்லதுதான். ஆனால் குலசேகரம் பக்கம் விடியும் முன்பே ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகும் தகப்பன் அதற்கு எப்படி வர முடியும்? தூத்தூர்ப் பகுதியில் ஆழ்கடலுக்குப் போனவர் வாரக்கணக்கில் கரைக்கு வருவதில்லை. அத்தகைய வீடுகளில் ஒன்றுகூடும் வேளை எது என்று முதலில் பார்த்து, அது இரவுச் சாப்பாடாக இருந்தாலும், வாரத்தில் ஒரே நாளாக இருந்தாலும், அதைக் காப்பதே சரி.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் தூக்கம்தான் முதலில் பலியாகிறது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். பள்ளி வேனுக்காகக் காலை ஆறரைக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு எட்டரைக்கே தூங்கியாக வேண்டும். துபாய் நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே எட்டு மணிக்கு அறைக்குத் திரும்பி அழைக்கும் தகப்பனின் குரல் இங்கே ஒன்பதரைக்குத்தான் வருகிறது. அதற்காகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு காத்திருக்கும் பிள்ளையை அதட்டுவதும் அழைப்பை நிறுத்துவதும் கொடுமை. அழைப்பைக் காலைக்கு மாற்றிப் பாருங்கள். இங்கே ஏழு மணி என்றால் அங்கே ஐந்தரை. வேலைக்குக் கிளம்பும் பலர் அப்போது விழித்திருப்பார்கள். தகப்பனும் பிள்ளையும் திரையின் இரு பக்கமும் நின்று பல் துலக்கினால் அதுவும் குடும்பப் பழக்கம்தான்.

சாப்பாட்டில் நாம் செய்யும் தவறுகள் பெரும்பாலும் அன்பினால் செய்பவை. 'மக்ளே, இந்த ஒரு வாய் மட்டும்' என்று வயிறு நிறைந்த பிள்ளையின் வாயில் திணிப்பதும், பார்க்கட்டும் என்று போனைக் கையில் கொடுத்து ஊட்டுவதும் ஒரே விளைவைத் தருகின்றன: பசி எது, நிறைவு எது என்பதைப் பிள்ளை தன் வயிற்றிடம் கேட்காமலே வளர்கிறது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கட்டும். எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். புதிய காய் ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து முறைகூடத் தட்டில் அது தோன்ற வேண்டியிருக்கலாம். இரண்டாம் நாளே 'இவனுக்குப் பிடிக்காது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

'பயறுத் துவரன் தின்றால் சிப்ஸ் தருவேன்' என்ற பேரம் இன்னும் மோசம். துவரன் தண்டனை, சிப்ஸ் பரிசு என்று அந்த ஒரு வாக்கியமே பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. 1973-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், படம் வரையப் பிடித்திருந்த சிறுபிள்ளைகளிடம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிப் பரிசும் கொடுத்தபோது, பின்னர் அவர்கள் தாமாக வரைவது குறைந்துபோனது. பிடித்த செயலுக்கே இந்தக் கதி.

விலையுயர்ந்த மாவு டப்பாக்களை வாங்கிப் பாலில் கலக்குவதை ஆரோக்கியம் என்று எண்ணுவதும் வீண் செலவு. அவற்றில் பலவற்றில் சர்க்கரை கணிசமாக உண்டு. லேபிளைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். சிறுபயறு போட்ட கஞ்சியும், முள் எடுத்த சாளையும், அவியலும் இருக்கும் ஊரில் அவற்றுக்கு என்ன வேலை? மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) பெரும்பாலும் மாவுச்சத்துதான் என்றாலும், மீனோடு சேரும்போது நிறைவான உணவாகிவிடுகிறது. நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பது மட்டும் விட்டுவிடக் கூடாத பழைய வழக்கம். சாப்பாட்டோடு பிள்ளைக்குச் சாயா கொடுப்பது தவறு, ஏனெனில் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேயிலை தடுக்கிறது.

கடைசியாக, பாட்டாவையும் பாட்டியையும் எதிர்க்கட்சியில் உட்கார வைப்பது. பேரப்பிள்ளைக்கு வெறுங்கையோடு வர மனம் இல்லாமல் அவர்கள் பேக்கரிப் பொட்டலம் வாங்கி வருகிறார்கள். பிள்ளையின் முன்னாலேயே நாம் கோபிக்கிறோம். யார் பக்கம் சாய வேண்டும் என்று பிள்ளை உடனே கணக்குப் போட்டுவிடுகிறது. தனியே அழைத்துப் பேசுவதைவிட ஒரு பொறுப்பைக் கொடுப்பது நல்லது என்பதை நாங்கள் தாமதமாகத்தான் கண்டுகொண்டோம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம் தரமாகக் கிடைக்கும் கடையைத் தேர்ந்தெடுப்பது எங்கள் வீட்டில் பாட்டாவின் வேலையாயிற்று. வடசேரிச் சந்தையில் விலை பேசி வாங்கி வந்த குலையை அவரே தொங்கவிட்டு, பழுத்ததைப் பார்த்துப் பறித்துக் கொடுக்கிறார். பேக்கரிப் பொட்டலம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னதும் அவர்தான். ஞாயிறு மாலையில் ரசவடையை மறக்காமல் வாங்கி வருபவரும் அவரே.