படைச் சின்னம் தேடும் முன் பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள்

முதல் உலகப் போருக்குச் சென்ற மூதாதையரின் பதக்கங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறீர்களா? பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், வெற்றிப் பதக்கம் இரண்டின் விளிம்பிலும் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். 1914-15 நட்சத்திரப் பதக்கத்தில் பின்புறம் இருக்கும். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, பூதக்கண்ணாடியால் படியுங்கள். பளபளக்க வேண்டும் என்று தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! எழுத்து மழுங்கினால் சான்றே போய்விடும்.

அடுத்து ஆண்டைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 1922 மறுசீரமைப்பில் பல படைப்பிரிவுகளின் பெயர் மாறியது. 73ஆம் கர்நாடிக் காலாட்படை, 3ஆம் மெட்ராஸ் ரெஜிமென்டின் முதல் பட்டாலியனானது. 1916இல் பணியாற்றியவர் படத்துக்கு அருகே பிற்காலச் சின்னத்தை வைப்பது அவருக்குச் செய்யும் அநீதி. தொப்பிச் சின்னத்தில் கிரீடத்துக்குப் பதில் அசோகச் சிங்கங்கள் இருந்தால், அது குடியரசுக் காலத்தது.